ஸ்கோர் 5 வந்துச்சு, போன் பண்ணேன், டாக்டர் வரலை. வேற என்ன செஞ்சிருக்கணும்?

நைட்டிங்கேல்_பேத்தி
எல்லாருக்கும் வணக்கம். தெற்கு மாவட்டம் ஒண்ணுல, தனியார் ஆஸ்பத்திரி சர்ஜிக்கல் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஆறு வருஷ சர்வீஸ். ஊரும் ஆஸ்பத்திரி பேரும் கேக்காதீங்க. நோயாளி விவரத்தையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாத்திதான் எழுதறேன்.

நாலு மாசமா எங்க வார்டுல வைட்டல்ஸை டேப்லெட்லதான் போடறோம். மூச்சு, பல்ஸ், பிபி எல்லாம் போட்டதும் அதுவே நியூஸ்-2 ஸ்கோரைக் கூட்டிச் சொல்லிடும். நோயாளி உடம்பு மோசமாகுதான்னு முன்கூட்டியே எச்சரிக்கற மார்க் அது, கூடக் கூட ஆபத்து. 5 வந்தா மஞ்சள், 7 வந்தா சிவப்பு, கூடவே ஒரு கூவல். 'பார்த்துவிட்டேன்'னு ஒரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கினாத்தான் கூவல் நிக்கும்.

போன மாசம் ஒரு நைட். 22 பேஷண்ட், ரெண்டு ஸ்டாஃப். 58 வயசுக்காரர், சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. கிட்னி கல் எடுத்து, சிறுநீர்க் குழாயில ஸ்டென்ட் வச்ச ரெண்டாவது நாள். ராத்திரி 11 மணிக்கு மூச்சு 24, ஆக்சிஜன் 95, பிபி மேல 104, பல்ஸ் 104, டெம்பரேச்சர் 37.6, நினைவு தெளிவு. ஸ்கோர் 5. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "காய்ச்சல் இல்லையே சிஸ்டர், வலியா இருக்கும், பெயின் கில்லர் குடுங்க, காலைல ரவுண்ட்ஸ்ல பாக்கலாம்"னு சொல்லிட்டாரு. குடுத்தேன். பொத்தானையும் அமுக்கினேன்.

1 மணிக்குப் போய்ப் பாத்தா மூச்சு 26, ஆக்சிஜன் 93, பிபி 98, பல்ஸ் 116, உடம்பு சில்லுன்னு 36.0. பக்கத்துல உக்காந்திருந்த மருமகளைப் பாத்து, "அம்மா எப்ப ஊர்லேருந்து வந்தே?"ன்னு கேக்கறாரு. ஸ்கோர் 13. அப்புறம் எல்லாரும் ஓடி வந்தாங்க. ஐசியூவுக்கு மாத்தும்போது மணி 3:40. பதினோரு நாள் கழிச்சு நல்லபடியா வீட்டுக்குப் போனாரு, கடவுள் புண்ணியம்.

மறுநாள் மீட்டிங்ல ஐடி ஆள் ஒரு தாளை நீட்டினாரு. "11:04க்கு அலர்ட். 11:05க்கு நர்ஸ் பார்த்துவிட்டார்." அவ்வளவுதான் அதுல இருக்கு. நான் போன் பண்ணது இல்லை. அந்த ஒரு ராத்திரி ஒன்பது அலர்ட் வந்துச்சு, ஒன்பதையும் நான்தான் 'பார்த்துவிட்டேன்'.

11 மணிக்கு நான் வேற என்னதான் செஞ்சிருக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டியூட்டி_டாக்டர்_3ஆம்மாடி
வாசிக்கிறப்பவே வயித்தைப் பிசையுது. ஆனா எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. நைட்ல அஞ்சு மாடிக்கு நான் ஒருத்தன். போன தடவை எண்ணினேன், ராத்திரி 10லேருந்து காலை 6க்குள்ள 41 போன். அதுல "தூக்கம் வரலையாம்"னு ஏழு. "நியூஸ் 5"ன்னு வந்த போன்ல முக்கால்வாசி, ஆபரேஷன் முடிஞ்சு வலியில பல்ஸ் ஏறினவங்க. எது புலி எது பூனைன்னு போன்ல தெரியாது.

அந்த டாக்டர் செஞ்சது சரின்னு சொல்லலை. சிறுநீர்ப் பாதையில கை வச்ச கேஸ், சுகர் உள்ளவர். போய்ப் பாத்திருக்கணும்.

ஓய்வுபெற்ற_மேட்ரன்
33 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தவள். பேத்தி, உன்னை ஒரு விஷயத்துக்குப் பாராட்டணும். மூச்சு 24 என்று எழுதியிருக்கிறாய். எண்ணித்தான் எழுதியிருக்கிறாய்.

நம் ஊர் சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு 20, 20, 18, 20. செத்துக்கொண்டிருப்பவனுக்கும் 20. யாரும் எண்ணுவதில்லை. பல்ஸை மிஷின் சொல்லிவிடும், பிபியை மிஷின் சொல்லிவிடும், மூச்சை மட்டும் கண் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிஷம்தான் யாரிடமும் இல்லை. செப்சிஸில் (கிருமித்தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகளே கெடும் நிலை) பெரும்பாலும் முதலில் ஏறுவதும் அதுவே. 20 என்று பொய்யாக எழுதினால் சுழியம், 24 என்று எண்ணி எழுதினால் 2 மதிப்பெண். உன் நோயாளிக்கு அன்றைக்கு மணி அடித்ததே நீ எண்ணியதால்தான்.

எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார்கள். நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள்.

ஐசியூ_அண்ணாச்சி
தங்கச்சி, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நியூஸ்ங்கறது லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல கொண்டாந்தது. 2017 கடைசில திருத்தி நியூஸ்-2 ஆச்சு. அவங்க கூட்டல் கணக்கை மட்டும் எழுதி வைக்கலை. எந்த ஸ்கோருக்கு யாரு வரணும், எத்தனை மணிக்கொரு தடவை திரும்பப் பாக்கணும்னு அதுகூடவே எழுதியிருக்காங்க. 5 வந்தா நோயாளியை மதிப்பிடத் தெரிஞ்ச மருத்துவர் அவசரமா வந்து பாக்கணும், வைட்டல்ஸ் குறைஞ்சது மணிக்கு ஒரு தடவை. 7 வந்தா ஐசியூ தெரிஞ்ச டீம், விடாத கண்காணிப்பு. ஏதாவது ஒரே அளவுல மட்டும் 3 வந்தாலும் மணிக்கொரு தடவை. நம்ம ஊர் ஆஸ்பத்திரிங்க இதுல கூட்டல் கணக்கை மட்டும் வாங்கிட்டு, ஆள் அனுப்பற பாதியை விட்டுட்டாங்க. அது டேப்லெட்ல வராது, சம்பளப் பட்டியல்ல வரும்.

இப்ப உங்க கேஸ். இவருக்கு வழக்கமா பிபி எவ்வளவு இருக்கும்?

நைட்டிங்கேல்_பேத்தி
150, 155 இருக்கும் சார். அட்மிஷன் அன்னைக்கு 158.

ஐசியூ_அண்ணாச்சி
அப்பக் கேளுங்க. 104க்கு நியூஸ் குடுக்கறது 1 மார்க். ஏன்னா அதுக்கு இந்த மனுஷனோட பழைய பிபி தெரியாது, உங்களுக்குத் தெரியும். 158ல இருந்தவர் 104க்கு வந்தா, அது கிட்டத்தட்ட 50 பாயிண்ட் சரிவு. போன்ல முதல் வாக்கியமா அதுதான் வந்திருக்கணும். "சார், 204ஆம் ரூம்ல நியூஸ் 5"ன்னா, தூக்கத்துல இருக்கறவருக்கு அது ஏழரை மணிச் செய்தி மாதிரிதான் காதுல விழும்.

இப்படிச் சொல்லிப் பாருங்க: "204, ஸ்டென்ட் வச்ச ரெண்டாம் நாள், சுகர் பேஷண்ட். அட்மிஷன் அன்னைக்கு 158 இருந்த பிபி இப்ப 104. மூச்சு எண்ணிப் பாத்தேன், 24. காய்ச்சல் இல்லை, ஆனா செப்சிஸா இருக்குமோன்னு பயப்படறேன். அரை மணிக்குள்ள வந்து பாருங்க. வர்றதுக்குள்ள லாக்டேட்டுக்கும் கல்ச்சருக்கும் ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?" (ரத்த ஓட்டம் பத்தலைன்னா லாக்டேட் ஏறும், கல்ச்சர் எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்க.) கடைசிக் கேள்வி முக்கியம். 'ஆமா' 'இல்லை'ன்னு பதில் சொல்ல வச்சிரும். "காலைல பாக்கலாம்"னு நழுவ இடம் இருக்காது.

ரெண்டாவது, திட்டறேன்னு நினைக்காதீங்க. 11க்கு 5 வந்தா 12க்குத் திரும்பப் பாத்திருக்கணும். நீங்க 1 மணிக்குத்தான் போயிருக்கீங்க. 22 பேஷண்ட்டுக்கு ரெண்டு பேர்னா எனக்குப் புரியுது. இருந்தாலும் அந்த 12 மணி ரீடிங் இருந்திருந்தா, அனேகமா ரெண்டாவது போனுக்கு அதுவே காரணமா இருந்திருக்கும்.

மூணாவது, காய்ச்சல் இல்லைங்கறது ஆறுதலே இல்லை. வயசானவங்க, சுகர் உள்ளவங்க, ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்குக் காய்ச்சல் வராமலே போகும். உடம்பு சில்லிட்டுப் போறது அதைவிட மோசம். நியூஸ்ல 35க்குக் கீழ போனா 3 மார்க், 39.1க்கு மேல போனா 2தான், கவனிச்சிருக்கீங்களா? அதே மாதிரி பிரஷருக்கு, பல்ஸைக் குறைக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவருக்குப் பல்ஸ் அவ்வளவா ஏறாது. இவருக்கு 104தான் இருந்துச்சுன்னா, என்ன மாத்திரைன்னு ஒரு தடவை பாருங்க.

நைட்டிங்கேல்_பேத்தி
மெட்டோபுரோலால் சார், பீட்டா பிளாக்கரேதான். இப்பத்தான் சார்ட்டைப் பாத்தேன்.

12 மணி ரீடிங் என் தப்புதான், ஒத்துக்கறேன். 209ல ஒரு பாட்டி கட்டில்லேருந்து இறங்கி விழுந்துட்டாங்க, அங்கேயே முக்கால் மணி நேரம் போயிடுச்சு.

யாழ்_தாதி_லெஸ்டர்
வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணம், இப்ப பதினாலு வருசமா இங்கிலாந்தில ஒரு ஆஸ்பத்திரி வாட்டில வேலை செய்யிறன். உம்மட கதையை வாசிக்க எங்கட வாட்டையே பாத்த மாதிரி இருந்திச்சு. இங்கயும் முந்தி உதே கதைதான்.

இப்ப என்ன வித்தியாசமெண்டால், நியூஸ் 7 வந்தால் நான் டொக்டரைக் கெஞ்சத் தேவையில்லை. அவுட்ரீச் எண்டொரு குழு இருக்கு, ஐசியூவில பழகின தாதிமார். நேரா அவைக்கு அடிப்பன். 5 வந்து டொக்டர் வராட்டிலும் அவைக்கு அடிக்கலாம். "ஏன் கூப்பிட்டனீர்?" எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஸ்கோர் குறைவா இருந்தாலும், "எனக்கு மனசு சரியில்லை, ஒருக்கால் வந்து பாருங்கோ" எண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அது எழுத்தில இருக்கு.

2024 தை மாதம் நைஸ் (இங்க சிகிச்சை வழிகாட்டி எழுதுற அமைப்பு) வழிகாட்டியிலயும் இந்த ஸ்கோரைச் சேர்த்திட்டினம். தொற்று எண்டு சந்தேகம் இருந்து நியூஸ் 7 அல்லது அதுக்கு மேல எண்டால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள அன்ரிபயோட்டிக். 5, 6 எண்டால் மூண்டு மணித்தியாலம் வரைக்கும் யோசிச்சு, சோதிச்சுக் குடுக்கலாம். ஆனா அந்த மூண்டு மணித்தியாலம் ஆள் வந்து பாத்து யோசிக்கிறதுக்கு, நித்திரை கொள்ளுறதுக்கு இல்லை.

இன்னொண்டு. மார்த்தா மில்ஸ் எண்டொரு பிள்ளை, 13 வயசு. சைக்கிளால விழுந்து கணையத்தில அடி. 2021ல லண்டனில செப்சிஸ் வந்து செத்துப்போச்சு. தாய் தகப்பன் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஒருத்தரும் காதில விழுத்தேல்லை. நேரத்தோட ஐசியூவுக்கு மாத்தியிருந்தால் அனேகமாத் தப்பியிருக்கும் எண்டு மரண விசாரணையில சொல்லிச்சினம். அதுக்குப் பிறகுதான் 'மார்த்தா விதி'. நோயாளின்ர ஆக்களே அந்தக் குழுவுக்கு நேர அடிக்கலாம். உம்மட ஆளின்ர மருமகளுக்கு அப்பிடி ஒரு நம்பர் இருந்திருந்தால் எண்டு யோசிச்சுப் பாக்கிறன்.

கோடு_போடறவன்
நான் மருத்துவத்துறை ஆள் இல்லை, ஹாஸ்பிடல் சாஃப்ட்வேர் எழுதறவன். நியூஸ் மாதிரி பழைய கூட்டல் கணக்கை வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க? லேப் ரிசல்ட், வயசு, பழைய நோய் எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கற கம்ப்யூட்டர் மாடல்கள் வந்தாச்சு. நர்ஸ் எண்ணுறதை நம்பியே இருக்க வேண்டாம்.

ஐசியூ_அண்ணாச்சி
வந்தாச்சு தம்பி, வந்து என்ன ஆச்சுன்னும் படிச்சிருப்பீங்களே. அமெரிக்காவுல எபிக்னு ஹாஸ்பிடல் சாஃப்ட்வேர் கம்பெனியோட செப்சிஸ் மாடலை நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரியில மாட்டியிருந்தாங்க. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க தனியா சோதிச்சு 2021ல எழுதினாங்க. செப்சிஸ் வந்தவங்கள்ல 67 சதவீதம் பேரை அது பிடிக்கலை. ஆனா அட்மிஷன்கள்ல 18 சதவீதத்துக்கு மணி அடிச்சிருக்கு. பிடிக்க வேண்டியதை விட்டுட்டு, ஊரெல்லாம் குரைச்ச நாய்.

கோடு_போடறவன்
அது ஒரு மாடல் சார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல செஞ்ச இன்னொண்ணை அஞ்சு ஆஸ்பத்திரியில ஓட்டி, 2022ல நேச்சர் மெடிசின் இதழ்ல போட்டாங்களே? இறப்பு ஒப்பீட்டளவுல 18.7 சதவீதம் குறைஞ்சுதுன்னு.

ஐசியூ_அண்ணாச்சி
அதே கட்டுரையை இன்னொரு தடவை படிங்க. யாருக்குக் குறைஞ்சுது? மணி அடிச்ச 3 மணி நேரத்துக்குள்ள மருத்துவர் அலர்ட்டைத் திறந்து பாத்து, 'ஆமா'ன்னு உறுதி பண்ணினவங்களுக்கு. அப்படி நடக்காதவங்களோட ஒப்பிட்டுத்தான் அந்த எண். ரெண்டு பக்கத்துக்கும் மணி அடிச்சுது, ஒரு பக்கத்துக்குத்தான் ஆள் சீக்கிரம் வந்துச்சு. சீட்டுக் குலுக்கிப் பிரிச்ச ஆய்வும் இல்லை, அதனால ஜாக்கிரதையாத்தான் படிக்கணும்.

உங்களுக்குப் பிடிக்கற மாதிரி ஒண்ணு சொல்றேன். டியூக் பல்கலைக்கழகத்துல 'செப்சிஸ் வாட்ச்'னு ஒண்ணு 2018 கடைசில ஆரம்பிச்சாங்க. மாடல் உங்க ஆளுங்க செஞ்ச மாதிரியே நவீனமானது. ஆனா அலர்ட் டாக்டர் போனுக்குப் போகாது. விரைவு மீட்புக் குழுல இருக்கற ஒரு நர்ஸ் திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்க சார்ட்டைப் புரட்டி, இது உண்மைதானான்னு பாத்து, டாக்டரைக் கூப்பிட்டுப் பேசுவாங்க. கூடவே இருந்து அதைப் பாத்து எழுதின சமூக ஆய்வாளர்கள் சொன்னதே, அந்த நர்ஸுங்க போன்ல பேசற சாமர்த்தியத்துலதான் இது ஓடுதுன்னு. யாரை எப்பக் கூப்பிடணும், பிஸியா இருக்கற டாக்டர்கிட்ட எப்படிப் பேச்சைத் தொடங்கணும், அதெல்லாம் எந்த சாஃப்ட்வேர் கோடுலயும் இல்லை.

ஓய்வுபெற்ற_மேட்ரன்
தம்பி, "நர்ஸ் எண்ணுறதை நம்ப வேண்டாம்" என்றீர்களே. உங்கள் மாடலுக்கு மூச்சு எண்ணை யார் போடுகிறார்கள்?

கோடு_போடறவன்
நர்ஸ்தான் மேடம். சரி, ஒத்துக்கறேன். 😅

பேத்தி சிஸ்டர், உங்க 'பார்த்துவிட்டேன்' பொத்தானைப் பத்தி மட்டும் என் துறைக்காரனா ஒண்ணு சொல்றேன். அது மோசமான டிசைன். சத்தத்தை நிறுத்தறதும் நடவடிக்கை எடுத்ததும் ஒரே பொத்தான்ல இருக்கக் கூடாது. அமுக்கினதும் "யாருக்குச் சொன்னீர்கள்? எத்தனை மணிக்கு? என்ன பதில்?"னு மூணு கட்டம் வரணும். பத்து வரி கோடு. உங்க ஐடி ஆளுக்கு அதைக் கேட்டு எழுத்துல அனுப்புங்க. கணினி ஆதாரம் எப்பவும் அதை எழுதினவன் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

கரிசல்_மைந்தன்
நான் நோயாளி தரப்பு. டாக்டருங்க நர்ஸுங்க பேசற இடத்துல நுழையறதுக்கு மன்னிக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்கப்பாவுக்கு இதே செப்சிஸ். பெரிய ஆஸ்பத்திரிதான். அன்னைக்கு டாக்டர் உடனே வந்துட்டாரு, குறை சொல்ல முடியாது. 1:10க்குச் சீட்டு எழுதினாரு. "அட்டெண்டர் கீழ போய் மருந்து வாங்கிட்டு வாங்க." லிஃப்ட் ராத்திரில ஒண்ணுதான் ஓடுது. பார்மசியில, "அட்வான்ஸ் முடிஞ்சிருச்சு, பில்லிங்ல கட்டிட்டு ரசீது கொண்டாங்க." பில்லிங்ல ஆளு டீ குடிக்கப் போயிட்டான். கார்டு மிஷின் வேலை செய்யலை. தம்பி ஏடிஎம்முக்கு ஓடினான். ஊசி ஏறும்போது 2:35. கையில வாட்ச் கட்டியிருந்தேன், அதனால தெரியும்.

அப்பா போயிட்டாரு. அந்த 85 நிமிஷத்தாலதான்னு நான் சொல்லலை. எனக்குத் தெரியாது. ஆனா நீங்க ஒரு மணி நேரம், மூணு மணி நேரம்னு பேசிக்கிட்டு இருக்கீங்க, அந்த மணியில முக்காவாசி லிஃப்ட்டுக்கும் ரசீதுக்கும் போகுதுன்னு யாராவது எழுதணும் இல்லையா.

டியூட்டி_டாக்டர்_3ஆம்மாடி
கரிசல் அண்ணே, வருத்தமா இருக்கு. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான் தினம் பாக்கறது.

நான் மேல கோபமா எழுதிட்டேன், இப்ப ஒரு உண்மையைச் சொல்றேன். "காலைல பாக்கலாம்"னு டியூட்டி டாக்டர் சொல்றதுக்குத் தூக்கம் மட்டும் காரணம் இல்லை. நான் போய்ப் பாத்து, செப்சிஸ்னே முடிவு பண்ணினாலும், கன்சல்டன்ட்டைக் கேக்காம ஆன்டிபயாட்டிக் மாத்த முடியாது. அவரோட பேஷண்ட். ராத்திரி 11:30க்குப் போன் போட்டா எடுக்க மாட்டாரு. எடுத்தா, "இதுக்கா எழுப்பினே?" ஒரு தடவை நானே மெரோபெனம்னு ஒரு பலமான ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சேன், மறுநாள் ரவுண்ட்ஸ்ல பேஷண்ட் சொந்தக்காரங்க முன்னாடியே கேள்வி. அதுக்கப்புறம் கால் தானா பின்னாடி இழுக்குது. நர்ஸ் எங்களுக்குப் பயப்படறாங்க, நாங்க கன்சல்டன்ட்டுக்குப் பயப்படறோம். டேப்லெட் மட்டும்தான் யாருக்கும் பயப்படாம கூவுது.

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. ஆன்டிபயாட்டிக் தாமதமாகற ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கற வாய்ப்பு 7.6 சதவீதம் குறையுதுன்னு படிச்சிருக்கோம். அப்ப 5 வந்த எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் போட்டுடலாமா?

ஐசியூ_அண்ணாச்சி
கூடாது. அந்த 7.6 சதவீதம் 2006ல வந்த குமார் குழுவோட ஆய்வு. பிபி விழுந்து ஷாக்ல இருந்தவங்களுக்கானது, ஸ்கோர் 5 உள்ளவருக்கு இல்லை. 2021ல வந்த சர்வைவிங் செப்சிஸ்ங்கற சர்வதேச வழிகாட்டியும் பிரிச்சுத்தான் சொல்லுது. ஷாக் இருந்தாலோ, செப்சிஸ் அனேகமா உறுதின்னாலோ ஒரு மணிக்குள்ள. ஷாக் இல்லாம சந்தேகம் மட்டும்னா, வேகமா விசாரிச்சுட்டு, சந்தேகம் தீரலைன்னா 3 மணிக்குள்ள. அதே வழிகாட்டி, கியூசோஃபாவை (மூச்சு, பிபி, நினைவு மூணை மட்டும் பாக்கற சின்ன ஸ்கோர்) மட்டும் தனியா வச்சு சல்லடை போடாதீங்கன்னும் சொல்லிடுச்சு. அதை வச்சுக்கிட்டு இன்னும் நிறைய ஆஸ்பத்திரி போஸ்டர் ஒட்டியிருக்கு.

பேத்தி கேஸ்ல இன்னொரு விஷயம் இருக்கு. ஸ்டென்ட் அடைச்சு, சீழ் உள்ள தேங்கி நின்னா, எந்த ஆன்டிபயாட்டிக்கும் தனியா காப்பாத்தாது. ஸ்கேன் பண்ணி, யூராலஜிஸ்ட்டை எழுப்பி, அதை வடிக்கணும். டியூட்டி டாக்டர் தம்பி, கன்சல்டன்ட்டை எழுப்ப இதுதான் சரியான வாக்கியம்: "சார், நீங்க வச்ச ஸ்டென்ட் அடைச்சிருக்குமோன்னு சந்தேகம்." எந்த சர்ஜனும் எந்திரிச்சு உக்காந்துடுவாரு. 😀

வேலூர்ப்_பக்கம்
ஒரு பொது மருத்துவராக இரண்டு வரி. இங்கே எல்லோரும் அறுவைசிகிச்சை வார்டை வைத்துப் பேசுகிறீர்கள். மெடிக்கல் வார்டில் நியூஸ் 7 என்பது உடம்பு மோசம் என்று மட்டுமே சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் வட தமிழ்நாட்டில் காய்ச்சலோடு மூச்சு வாங்க வருபவருக்கு மெரோபெனம் மட்டும் போட்டு உட்கார்ந்திருந்தால், பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் கொன்றுவிடும். அந்தக் கிருமி, மெரோபெனம் அடங்கிய பீட்டா லாக்டம் வகை ஆன்டிபயாட்டிக் எதற்கும் அசையாது. உடம்பு முழுக்கத் துணியை விலக்கிப் பாருங்கள்: அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், பெல்ட் கட்டும் இடம். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளியே சொல்ல மாட்டார். தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினும் அஜித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் வேலூர் சிஎம்சி தலைமையில் இந்திய மருத்துவமனைகள் செய்த ஆய்வு காட்டியது.

டெங்குவும் அப்படித்தான். ஸ்கோர் ஏறும், மணி அடிக்கும். ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை. செப்சிஸ் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு திரவம் ஏற்றினால் நுரையீரலில் போய்த் தேங்கும்.

ஐசியூ_அண்ணாச்சி
இந்தத் திரவ விஷயத்தை அடிக்கோடு போடுங்க. கிலோவுக்கு 30 மில்லிங்கறது எல்லாருக்கும் மனப்பாடம். 60 கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. 2021 வழிகாட்டியிலேயே அதைப் பலவீனமான பரிந்துரையா இறக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2017ல ஜாம்பியாவிலேருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. செப்சிஸும் லோ பிபியும் உள்ளவங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு, ஒரு பாதிக்கு வெளிநாட்டு பாணியில நிறைய திரவம், பிபி ஏத்தற மருந்து, ரத்தம். இன்னொரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. திரவம் ஏத்தின பக்கம் 48.1 சதவீதம் இறந்தாங்க, வழக்கமான பக்கம் 33 சதவீதம். பெரும்பாலும் எச்ஐவி உள்ளவங்க, வென்டிலேட்டர் கிடைக்கறதே அரிது. நம்ம ஊர் அப்படியே அது இல்லை. ஆனா ஏத்தின திரவம் நுரையீரலுக்குப் போனா தாங்க ஐசியூ கட்டில் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வால்வைத் திறக்கணும்னு அன்னைக்கு முடிவு பண்ணேன். நான் 250 மில்லி, 500 மில்லியா குடுத்து ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாப்பேன்.

எதைப் பாக்கறதுன்னா, ராத்திரி லாக்டேட் மிஷின் பூட்டிக் கிடந்தாலும் விரல் இருக்கு. விரல் நுனியை வெளுக்கற அளவுக்கு 10 விநாடி அழுத்தி விடுங்க. 3 விநாடிக்கு மேல ஆகியும் சிவப்பு திரும்பலைன்னா ரத்த ஓட்டம் பத்தலை. லத்தீன் அமெரிக்காவுல 2019ல ஆண்ட்ரோமெடா-ஷாக்னு ஒரு பெரிய ஆய்வுல, லாக்டேட்டைப் பாத்து சிகிச்சை பண்றதுக்கு இது சளைச்சதில்லைன்னு தெரிஞ்சுது. காசு கிடையாது, ரசீது கிடையாது, லிஃப்ட் கிடையாது.

யாழ்_தாதி_லெஸ்டர்
ஓம், அது உண்மை. முழங்காலையும் போர்வையை விலக்கிப் பாருங்கோ, திட்டுத் திட்டா ஊதா நிறம் ஓடியிருந்தால் உடன ஆக்களைக் கூப்பிடுங்கோ. எங்கட நிறத்தில அது லேசில தெரியாது, டோர்ச் அடிச்சுப் பாக்கவேணும். விரலில மாட்டுற ஆக்சிஜன் மெசினும் கறுத்தத் தோலில சில நேரம் கூட்டிக் காட்டும். 95 எண்டால் 95 எண்டு நம்பி இருக்காதையுங்கோ.

பிறகு, நியூஸைக் கர்ப்பிணிக்கும் 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கும் பாவிக்கக் கூடாது. உங்கட டேப்லெட் அதைத் தடுக்குதோ?

நைட்டிங்கேல்_பேத்தி
தடுக்கலை அக்கா. போன வாரம் பிரசவ வார்டுலயும் அதே ஆப்பை மாட்டியிருக்காங்க. நாளைக்கே சொல்றேன்.

மட்டுறுத்துநர்
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மருத்துவமனைகளின் பெயரைப் போட்டுத் திட்ட இந்த இழை இடமில்லை. கரிசல் மைந்தன் எழுதியதுபோல், பெயர் இல்லாமல் நடந்ததை எழுதுங்கள். இழை திறந்தே இருக்கும்.

நைட்டிங்கேல்_பேத்தி (ஏழு வாரம் கழித்து)
இந்த இழையை மேல இழுத்து விடறேன். என்ன ஆச்சுன்னு கேட்டு நாலு பேர் தனிச் செய்தி அனுப்பியிருந்தீங்க.

பெருசா ஒண்ணும் மாறலை. ரெண்டாவது டியூட்டி டாக்டர் கேட்டோம், "பட்ஜெட் பாக்கறோம்"னாங்க. அவுட்ரீச் டீம்னு சொன்னதும் நிர்வாகத்துல ஒருத்தர் சிரிச்சே சிரிச்சாரு.

மூணு விஷயம் மட்டும் நடந்துச்சு. கரிசல் அண்ணன் எழுதினதை அச்சடிச்சு எங்க நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையில குடுத்தேன். ஒரு வார்த்தை பேசலை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அடுத்த வாரமே எங்க ஸ்டேஷன் அலமாரியில ஒரு சிவப்பு டப்பா. ரெண்டு வகை ஆன்டிபயாட்டிக், நாலு கல்ச்சர் பாட்டில், ஆர்எல் திரவம், அதை ஏத்தற வென்ஃப்ளான் ஊசி. டாக்டர் வாயால சொன்னா உடனே எடுத்துப் போடலாம். பில் காலையில. யாரும் கீழ ஓட வேண்டாம்.

ரெண்டாவது, 'பார்த்துவிட்டேன்' பொத்தான் போச்சு. இப்ப யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன பதில்னு கேக்குது. பத்து வரி கோடுன்னு நீங்க சொன்னீங்க தம்பி, அவங்களுக்கு அஞ்சு வாரம் ஆச்சு. "வர மாட்டேன் என்றார்"னு ஒரு கட்டத்துல டைப் பண்ண முடியும்னு தெரிஞ்சதுலேருந்து டாக்டருங்க கொஞ்சம் வர்றாங்க.

மூணாவது, 7 வந்தா நாங்களே ஐசியூ ரெஜிஸ்டிரார் டாக்டருக்கு நேரா அடிக்கலாம்னு சர்க்குலர். 5க்கு இன்னும் இல்லை. கேட்டுக்கிட்டு இருக்கோம்.

நேத்து நைட் கதை. ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சவர், பல்ஸ் 114, மூச்சு 23, ஆக்சிஜன் 95. ஸ்கோர் 5. அண்ணாச்சி சொன்ன மாதிரியே போன்ல சொன்னேன், பழைய பிபி, மூச்சு எண்ணினது, "அரை மணிக்குள்ள வாங்க" எல்லாம். இருபது நிமிஷத்துல வந்தாரு, அதே டாக்டர்தான். வயித்துல கை வச்சாரு, தட்டிப் பாத்தாரு. செப்சிஸும் இல்லை ஒண்ணும் இல்லை. யூரின் அடைச்சு நிக்குது. டியூப் போட்டோம், முக்கால் மணி நேரத்துல ஸ்கோர் 1. சார்ட்ல எழுதி கையெழுத்துப் போட்டுட்டு, "டீ இருக்கா சிஸ்டர்?"னு மட்டும் கேட்டுட்டுப் போனாரு.

டியூட்டி_டாக்டர்_3ஆம்மாடி
எவ்வளவு வந்துச்சு?

நைட்டிங்கேல்_பேத்தி
900 மில்லி சார்.

டியூட்டி_டாக்டர்_3ஆம்மாடி
அடேயப்பா. எனக்கும் பல்ஸ் 114 போயிருக்கும்.